வெள்ளைக் குச்சி நிரை

மூடுபனி கலையவில்லை. தேயிலை மலையில் கருப்பையா கங்காணி கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் குச்சி நட்டிருந்த நான்கு நிரைகள் பக்கம் அவர் கை நீண்டதும் பெண்களுக்கெல்லாம் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஒருத்தி இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவை அவிழ்த்துக் கட்டினாள். இன்னொருத்தி காலில் இல்லாத அட்டையைத் தேடினாள்.

அந்த நிரைகளுக்கு மருந்து அடிப்பதில்லை. கொப்புள நோய் விழுந்து, கொழுந்தெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். அதைக் கூடையில் போட்டால் கங்காணி கொட்டிவிடுவார். போடாவிட்டால் கூடை நிறையாது. கூலியோ எடைக்கு.

"ஒம் மக ஆராய்ச்சிக்கு எங்க கூடை எதுக்குக் கொறையணும்?" என்று ருக்குமணி வேலாயியிடம் நேராகவே கேட்டாள்.

"ஒங்களுக்குக் கொறைய வேணாம்லா. நானே எடுத்துக்கறேன்," என்று வேலாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நோய் விழுந்த இலைகளை எண்ணும் தட்டோடு மேட்டில் நின்ற அவள் மகள் சாரதாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஒன்றும் விழாதவள் போல் குனிந்து எண்ணத் தொடங்கினாள். அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு நன்றாகப் பழகிப்போன நடிப்பு அது.

தொழிலாளர் லயத்தில் பிறந்து, கோலாலம்பூரில் தாவரவியல் படித்துவிட்டு, தோட்டத்து ஆராய்ச்சி அறைக்கே உதவியாளராகத் திரும்பி வந்தவள் சாரதா. தற்காலிக வேலைதான். வெயில் இல்லாத நாட்களைக் கணக்கில் வைத்து மருந்தடித்தால் பாதி மருந்து மிச்சம் என்பது அவளாகவே பிடித்த யோசனை. அது உண்மைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத நிரை பக்கத்தில் வேண்டும். முடிவு அவள் பெயரில் அச்சில் வந்தால், முதுகலைக்கு இடமும் மாதச் சம்பளமும் தருவதாகப் பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் எத்தனை வருடமானாலும் தட்டும் கையுமாக நிற்க வேண்டியதுதான். இந்த விவரமெல்லாம் வேலாயிக்குப் புரியாது. மகளுக்கு அந்த நிரை வேண்டும் என்பது புரிந்தது.

விடாத மழை பெய்த ஒரு வாரம், கங்காணிக்கே மனசு கேட்கவில்லை. மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாக்க சகிக்கல வேலாயி. ஒரே ஒரு தடவ அடிச்சு வுட்டுர்றேன். ஆராய்ச்சித் தொரகிட்ட யாரு சொல்லப்போறா?"

வேலாயி செடிகளுக்கு முன்னால் போய் நின்றாள். "அடிக்கணும்னா எம்மேல அடிங்க கங்காணியாரே."

பம்பு திரும்பிப் போனது. சாரதாவின் ஆராய்ச்சி பிழைத்தது.

பருவம் முடிந்ததும் சாரதா கட்டுரையை எழுதினாள். ஆராய்ச்சித் துரை என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் டாக்டர் நாகப்பன் திருத்திக் கொடுத்தார். மருந்தடிக்காத நிரைகளை வேலாயி என்ற தொழிலாளி, எடை இழப்பைப் பொறுத்துக்கொண்டு, பருவம் முழுவதும் பறித்தார் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

"யாரு பறிச்சாங்கறது விஞ்ஞானம் இல்லம்மா. 'வழக்கம்போல் பறிக்கப்பட்டன'ன்னு போடு, போதும்."

சாரதா போட்டாள். அவர் சொன்னது சரி என்றே பட்டது. கட்டுரையின் தலையில் 'ரா. சாரதா', அதற்கு அடுத்து 'நாகப்பன்' என்று அவரே எழுதித் தந்திருந்த சந்தோஷத்தில் வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

சஞ்சிகை வந்த அன்று, அலுவலகத்தில் டைப் அடிக்கும் லத்தீஃபா அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உடனே திரும்பிப் போனாள். எப்போதும் நின்று கதையடிப்பவள். சாரதா பக்கத்தைப் பிரித்தாள். கட்டுரையின் தலையில் நாகப்பன், கந்தன். கந்தன் மூன்று மாதத்துக்கு முன்பு வேலைக்கு வந்த புது அதிகாரி. மலைச் சரிவில் வழுக்காமல் நடக்கவே இன்னும் பழகவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், இலைகளை எண்ணிக் கொடுத்த செல்வி சாரதாவுக்கு நன்றி.

டாக்டர் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமலே போனாள்.

"சார், எம் பேரு?"

"இருக்கேம்மா, கடைசில." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒனக்கு மாப்பிள பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். கல்யாணமானா இனிஷியல் மாறிடும். அப்புறம் அந்தப் பேர யாரு தேடப் போறா? கந்தனுக்குக் குடும்பம் இருக்கு, அவன் மேல வரணும்ல?"

"நான் இன்னும் சம்மதிக்கல சார். என் யோசன. நான் எண்ணின எல. எங்கம்மா பறிச்ச நெர." அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழுதால் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார். "வியாழக்கெழம எனக்கு யுனிவர்சிட்டில இன்டர்வியூ சார்."

"தெரியும்லா. நல்ல பொண்ணு, கடுமையான உழைப்பாளின்னு லெட்டர் தர்றேன். கொண்டு போ."

கொண்டு போனாள். மலையடிவாரத்துத் தாப்பா ஊர் வரை வளைவுகளில் பஸ் இறங்கும்போதெல்லாம் சஞ்சிகை மடியிலிருந்து நழுவியது. நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டு மரியாதையாகவே கேட்டார்.

"அப்ப நீங்க எல எண்ணிக் குடுத்தீங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். உங்கள் பெயரில் ஒன்று வந்ததும் அவசியம் வாருங்கள் என்றார்கள்.

இரவு வீடு திரும்பியபோது வேலாயி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த சஞ்சிகையைப் பார்த்தாள்.

"நம்ம நெரயப் பத்தி அதுல இருக்கா?"

"இருக்கும்மா."

"என்னான்னு?"

சாரதா பக்கத்தைத் தேடி எடுத்தாள். தன் கையால் எழுதிய வரி. "மருந்து அடிக்காத நிரைகள் வழக்கம்போல் பறிக்கப்பட்டன."

வேலாயி மேலும் வரும் என்று காத்திருந்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"ஒன்னப் பத்தி?"

சாரதா சஞ்சிகையை மூடினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. பஸ்ஸில் அடக்கியது, அந்த மூன்று பேர் முன்னால் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. வேலாயி ஆறிப்போன சோற்றைத் திரும்பச் சூடாக்கினாள்.

திங்கட்கிழமை கந்தன் மலையில் நின்றுகொண்டிருந்தான். அடுத்த பருவத்து ஆராய்ச்சி அவனுடையது. வெள்ளைக் குச்சிகள் அதே நிரைகளில் புதிதாக ஊன்றப்பட்டிருந்தன. சாரதாவின் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருந்தார்கள், அவனுக்கு உதவியாளராக. தட்டை எடுத்துக்கொண்டு அவள் மேட்டில் ஏறியபோது, கந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் குட் மார்னிங் சொன்னான்.

இந்த முறை யாரும் படுதாவை அவிழ்த்துக் கட்டவில்லை. அட்டை தேடவில்லை. கங்காணிக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வேலாயி, நீ வழக்கம்போல வெள்ளக் குச்சிக்குப் போ."

வேலாயி ஒரு கணம் நின்று மேட்டைப் பார்த்தாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். சாரதா தட்டோடு அவள் பின்னாலேயே இறங்கி, முதல் செடியில் குனிந்து எண்ணத் தொடங்கினாள்.