நெரிஸை ஏன் கொடுத்தார்கள்

தங்கள் ஊர் பேஸ்பால் அணியான பெலிக்கன், ஆட்டக்காரன் நெரிஸ் மத்தோஸைப் புவெர்த்தோ பிளாத்தா அணிக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது, யோகாஸ்தா ஃபெலிஸ் வாயில் போட்ட வாழைக்காய் மசியலை விழுங்க மறந்தாள். பரஹோனா ஊர் வானொலியில் மதியம்தோறும் பேஸ்பால் பேசுகிறவள் அவள். அணி யாரை வாங்கியது, யாரை விட்டது என்று நிர்வாகத்தைத் தோலுரிப்பதுதான் அவள் நிகழ்ச்சி. ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். மரியாதையாக அவளைத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நெரிஸ் உள்ளூர்ப் பிள்ளை. களத்தின் நடுவில் நின்று தடுக்கிறவன். அவனைத் தாண்டி ஒரு பந்து போனால் அது பந்தின் அதிர்ஷ்டம் என்பார்கள். அவனுக்குப் பதிலாக வந்தவனோ வயதான இடக்கைப் பந்துவீச்சாளன். தோளில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆன ஆள்.

அன்று மைக் முன் உட்கார்ந்ததும் யோகாஸ்தா சொன்னாள்: "பசுவைக் குடுத்துட்டு கயித்தை வாங்கிட்டு வந்திருக்காரு நம்ம வெலிங்டன் குவேவாஸ். அந்தக் கயிறும் இத்துப்போனது."

குவேவாஸ்தான் அணியின் பொது மேலாளர். அந்தப் பேச்சு ஊரெங்கும் பற்றிக்கொண்டது. யாரோ அவர் வீட்டுக் கதவில் ஓர் இற்றுப்போன கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். முதலில் யோகாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் மகள் பள்ளிக்குப் போக மறுத்து அழுகிறாள் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதைவிட அவளை அரித்தது குவேவாஸின் மௌனம். அவள் ஒன்று சொன்னால் உடனே நிகழ்ச்சிக்கே போன் செய்து மல்லுக்கு நிற்கிற மனிதர் அவர். இந்தத் தடவை, "அணிக்கு நல்லதுன்னு பட்டுச்சு, செஞ்சோம்" என்றதோடு சரி. எங்கோ ஏதோ கை மாறியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. நெரிஸின் வாயைக் கிளறினால் உண்மை வந்துவிடும் என்று விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வடக்குக் கரையிலிருக்கும் புவெர்த்தோ பிளாத்தாவுக்குப் போனாள்.

மைதானத்தில் அவன் இல்லை. பயிற்சி நேரம்வரை ஆஸ்பத்திரியில்தான் இருப்பான் என்றார்கள். பிரசவ வார்டின் நடையில், மடியில் சூப்புத் தூக்கோடு உட்கார்ந்திருந்தான்.

"உங்களை யாரு தோன்யா இங்க வரச் சொன்னது?" என்றான்.

"நானாத்தான் வந்தேன். உன்னை ஏன் வித்தாங்கன்னு கேக்க."

"யாரும் விக்கலை. நான்தான் குவேவாஸ் கால்ல விழாத குறையா கேட்டேன். என் பொண்டாட்டி ஊரு இது. ஏற்கெனவே ரெண்டு கரு தங்கலை. இதுக்கும் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவ இங்க கெடக்க, நான் அங்க நின்னு பந்து பொறுக்கவா?"

"இதைச் சொல்லியிருக்கலாமேப்பா. ஊரு புரிஞ்சுக்கும்."

"ஊரு வாயில விழ வேணாங்கறா. போன தடவை எல்லாரும் வாழ்த்திட்டுப் போன மறுவாரம்தான் அது போச்சு." அவன் தூக்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினான். "குவேவாஸ் யாருகிட்டயும் மூச்சு விடலை. நீங்களும் விடக் கூடாது."

அவள் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் இடம் மாறி மாறி உட்கார்ந்தாள். எந்த ஜன்னலும் அவளுக்குச் சரிப்படவில்லை.

மறுநாள் மதியம் மைக்கில் சொன்னாள்: "நெரிஸைக் குடுத்தது தப்புன்னு பேசினேன். அப்படிப் பேசினதுதான் தப்பு. ஏன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

போன் விடாமல் அடித்தது. முதல் ஆள் மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டும் தார்சிஸியோ, தினமும் பேசுகிறவன்.

"எத்தனைக்குத் தோன்யா வாங்குனாங்க உங்களை?"

"உன் வண்டியை வித்தாலும் கட்டுப்படியாகாது. அடுத்தவங்க பேசுங்க."

அடுத்தவரும் அதையேதான் கேட்டார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது குவேவாஸ் வாசலில் நின்றிருந்தார். மனிதர் இளைத்திருந்தார்.

"நெரிஸ் போன் பண்ணினான். எனக்காக நீங்க அடி வாங்குறீங்க," என்றார்.

"உங்க மகளுக்காக வாங்குறேன். அது கெடக்கட்டும். அவனை அனுப்புனது சரி. ஆனா பதிலுக்கு இந்தத் தோள் போனவனையா வாங்குவாங்க?"

"நான் அவசரத்துல இருக்கேன்னு மோப்பம் பிடிச்சுட்டாங்க. பிழிஞ்சுட்டாங்க."

"அவங்ககிட்ட மட்டைக்குப் பின்னால பந்து பிடிக்கிற ஒரு இளம் கேட்சர் சும்மாதானே உக்காந்திருந்தான். அவனைக் கேட்டீங்களா?"

அவர் தெருவைப் பார்த்தார். "கேக்கலை. அன்னிக்கு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"அதை நான் மைக்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க. அதுதானே உங்க பொழப்பு."

சொன்னாள். கேட்சரைக் கேட்காமல் விட்ட கதையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாள். ஊர் அவளைப் பாதி மன்னித்தது. பந்துவீச்சாளன் கைக்கு வந்த ஆட்டங்களையெல்லாம் கோட்டைவிட்டான். பெலிக்கன் அணி கடைசி இடத்தில் போய் நின்றது. முதலாளிகள் குவேவாஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த மதியம் தார்சிஸியோ சந்தோஷத்தில் வானொலியில் பாடாத குறை. அவன் பேச்சு முடியுமுன் யோகாஸ்தாவின் கைபேசி மின்னியது. நெரிஸ் அனுப்பியிருந்தான்: "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." இப்போது சொல்லிவிட்டால்தான் என்ன? குழந்தைதான் பிறந்துவிட்டதே. மைக்கை அருகில் இழுத்தாள். அவளைச் சொல்லச் சொல்லி நெரிஸ் எழுதவில்லையே என்று நினைத்தாள். மறுபடி தள்ளிவைத்துவிட்டு விளம்பரத்தைப் போடச் சொன்னாள்.

பிறகு குவேவாஸுக்குப் போன் செய்தாள். அவருக்கும் சேதி போயிருந்தது. பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"புது ஆள் யாரு?" என்றார்.

"திங்கக்கெழமை சொல்றாங்களாம்."

"வந்ததும் வராததுமா உரிச்சிடாதீங்க."

"மொதல்ல அவரையே கூப்பிட்டுக் கேக்குறேன். அப்புறம் உரிக்கிறேன்."

அவர் சிரித்தார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அவள் கடற்கரைச் சுவர் ஓரமாக நடந்தாள். எதிரே வந்த தார்சிஸியோ வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"இப்ப நிம்மதியா தோன்யா? ஆளு போயிட்டான்."

இல்லை என்றால் ஏன் என்று கேட்பான். அவள் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.