கனடா சாண்டர்

பலகை மினுக்கப் பதினாறு அங்குல டிரம் சாண்டர் எனக்குப் போதும். கொழும்பில் பார்த்தும் வைத்திருந்தேன். மனைவியின் தம்பி, கனடாவிலிருக்கும் பிரதீபன் விட்டானா? தானே தெரிவுசெய்து, பெரிதாக ஒன்றைக் கப்பலில் அனுப்பிவிட்டான். அந்த நாட்டு நூற்றிருபது வோல்ட் மெஷின். இங்கே செருகினால் கருகிவிடும்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனம் நொந்துபோவான்" என்றாள் மனைவி.

உரும்பிராயில் என் பட்டறையை அது அடைத்துக்கொண்டு நிற்க, நான் முற்றத்தில் கையால் தேய்க்கிறேன்.

ஞாயிறன்று வீடியோவில் வந்தான். "போட்டுக் காட்டுங்கோ அத்தான்."

மூன்றாவது ஞாயிறாக, "கரண்ட் இல்லை" என்றேன். தேய்த்த பலகையை மட்டும் காட்டினேன்.

"பாத்தியளே! உந்த மினுக்கம் கையாலை வருமோ?"

கொப்புளித்த விரல்களை மடக்கிக்கொண்டு, "வராது" என்றேன்.