கிழக்கு மூலை

1972 ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குச் சாராள் கடைசிக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு சென்னைப் பாசஞ்சரைப் பிடிக்கக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

முட்காட்டுக்கு நடுவே இருந்தது கல்லூரி. வேறு எதற்கும் உதவாத மண் என்பதால் தானமாகக் கிடைத்த இடம். தொடங்கிய வருஷம் இரண்டு ஓலைக் கொட்டகைகள்தான். பாம்புக்குப் பயந்து ஆசிரியர்கள் மேசைமேல் உட்கார்ந்து பாடம் நடத்தினார்களாம். ஒவ்வொரு மழைக்கும் காடு உள்ளே வரும். சனிக்கிழமைகளில் மாணவர்கள் அதை வெளியே தள்ளுவார்கள். சேர வருகிற பிள்ளை மார்க் ஷீட்டோடு ஒரு கொடுவாளும் கொண்டுவர வேண்டும். மைதானம், கிணற்றடி, பெண்கள் விடுதி எல்லாம் அப்படி வந்தவை.

கிழக்கு மூலையை மட்டும் சாராள் தனக்கென்று கேட்டு வாங்கியிருந்தாள். அவள் தாவரவியல் ஆசிரியை. கல்லூரிக்கு மைக்ராஸ்கோப் ஒன்றுதான். அதன் லென்ஸிலும் பூஞ்சை. ஆனால் அந்த மூலையில் காரை, களா, சூரை என்று முட்செடிகள் வெட்டுப்படாமல் நின்றன. ஆய்வுக்கூடத்துக்குப் பதில் காட்டைக் காட்டுவதாகப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லியிருந்தாள். திங்களன்று குழு வருகிறது. அனுமதி கிடைத்தால் பி.எஸ்ஸி. தொடங்கும். இல்லையென்றால் பி.யு.சி. முடித்த பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. மூலையின் எல்லை குழுவுக்குத் தெரியட்டும் என்றுதான் சுற்றிக் கல் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை சாராள் வந்தபோது கிழக்கு மூலையில் செடிகள் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்னால் கங்கம்மா, பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

"இன்னா மேடம், அப்படியே நின்னுட்டீங்கோ? ஒரு வேருகூட வுடல."

"இவதான் மேஸ்திரி, மேடம்," என்றான் சாலமோன். "ரெண்டு நாளா எங்கள உக்காரவே வுடல."

"இவரு பேச வந்துட்டாரு. பாதி நேரம் களாப்பழம் பொறுக்கித் துன்னுக்கினு இருந்தாரு மேடம்."

சிரித்தார்கள். சாராள் வெறும் தரையைக் காட்டினாள்.

"இது என் மூலைன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்," என்றாள் கங்கம்மா. "அதான் ஞாயித்துக்கெழமயும் வந்து முடிச்சோம். நீங்களே கல்லு வெச்சிட்டுப் போயிக்கிறீங்களே."

"கல்லா?"

"வெள்ளக் கல்லு வெச்ச எடத்த வெட்டணும். எப்பவும் வாட்ச்மேன் வெப்பாரு. இந்த தபா நீங்க வெச்சீங்கோ."

மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் இங்கே இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை பாசஞ்சர் அவளுக்குத் தவறியதே இல்லை.

"வெட்டினதெல்லாம் எங்கே?"

"ஆஸ்டல் அடுப்புக்கு. நல்லா எரியுது மேடம்."

கங்கம்மா துணியை இறுக்கிக்கொண்டாள். "பி.எஸ்ஸி. குடுத்துடுவாங்க இல்ல?"

அப்போது ஜீப் வந்து நின்றது. பிரின்சிபால் மோசஸ் முதலில் இறங்கினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழுவினருக்காகச் சென்னையில் அலைந்தவர். சுத்தமான தரையைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அது எந்த இடம் என்று புரிந்தது.

குழுவின் தலைவர் வயதான தாவரவியல் பேராசிரியர். கற்களைத் தாண்டி உள்ளே போனார். குனிந்து ஓர் ஒடிந்த முள்ளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். களாமுள். அதைக் கீழே போடவில்லை.

"பிள்ளைங்க தெரியாமப் பண்ணிட்டாங்க சார்," என்றார் மோசஸ். "யார் யாருன்னு விசாரிச்சு நடவடிக்கை எடுக்கிறேன்."

கங்கம்மா சாராளைப் பார்த்தாள்.

பேராசிரியர் சாராளின் பக்கம் திரும்பினார்.

"வெட்டச் சொன்னது யாரும்மா?"