ஒருத்தி மட்டும் கேட்ட ராஜினாமா

மணி மட்டும் ஒரு ஞாயிறு தப்பாமல் அடித்தது. கோயில்பிள்ளை ஹில்மர் அதில் குறை வைத்ததே இல்லை. காலை பதினொரு மணிக்கு வருவார், கயிற்றை இழுப்பார், அடித்து முடித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். முந்நூறு பேர் உட்காரும் கோயிலில் நான் ஒருத்தி இருப்பேன். பீடத்தில் என் வீட்டுக்காரர் எய்லர்ட், கறுப்பு அங்கியும் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கொசுவப் பட்டையுமாக நிற்பார். அவர் ஒரு வரி பாட, நான் ஒரு வரி பாடவேண்டும். எனக்குப் பாட்டு சுத்தமாக வராது. அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

எங்கள் நாட்டில் பாஸ்டர் என்றால் பாதி அரசாங்க ஆள். ராஜா நியமிப்பார், அரசாங்கம் சம்பளம் தரும், குடியிருக்கும் வீடும் அரசாங்கத்தினுடையது. யார் பிறந்தது, யார் செத்தது, யார் யாரைக் கட்டியது எல்லாம் பாஸ்டர் எழுதும் பதிவேட்டில்தான். தலைமுறை தலைமுறையாக இது யாருக்கும் உறுத்தவில்லை. ஜெர்மன்காரன் வந்தான், ராஜா லண்டனுக்குத் தப்பிப் போனார். ஒஸ்லோவில் ஜெர்மன்காரன் தயவில் எங்கள் ஆட்களே சிலர் ராஜா இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கோயிலும் தாங்கள் சொன்னபடிதான் ஆடவேண்டும் என்றார்கள். ஆயர்கள் அத்தனை பேரும் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்தது பாஸ்டர்களின் முறை. 1942 ஈஸ்டர் அன்றைக்கு ஒவ்வொரு கோயிலிலும் ஒரு கடுதாசியைப் படிக்கவேண்டும் என்று ஏற்பாடு. அரசாங்கம் தந்த பதவியை அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும், ஆண்டவர் தந்த வேலையை விடமாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

எங்கள் தீவான ஸ்கார்வ்ஹோல்முக்கும் கடுதாசி வந்து சேர்ந்தது, மீன் பெட்டிக்கு அடியில் ஒளிந்து. எய்லர்ட் அதை அங்கிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அன்றைக்கு வெளித்தீவுகளிலிருந்தெல்லாம் படகு கட்டி வந்தார்கள். பெஞ்சு போதாமல் நடுவில் நின்றார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். கல்லறையை மூடியிருந்த கல்லைப் பற்றி எய்லர்ட் அரைமணி நேரம் பேசினார். ஆசீர்வாதம் சொன்னார். இறங்கிவிட்டார்.

கடுதாசி வெளியே வரவே இல்லை.

வாசலில் நின்ற அவருடைய கையை அன்றைக்கு ஒருத்தரும் குலுக்கவில்லை. ஜெர்மன்காரன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. மறு ஞாயிறு கோயில் காலி.

இனி நான் சொல்வதைக் கேட்டு யாரும் என்னை மன்னிக்க வேண்டாம். தடுத்தது நான். சனிக்கிழமை மத்தியானம், சமையலறையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஒரே ஒரு வாரம் பொறுங்க. மத்த ஊர்ல என்ன ஆகுதுன்னு பாத்துட்டு அடுத்த ஞாயிறு படிங்களேன். கடுதாசி எங்க ஓடிடப்போகுது?"

"ராக்னா, நாளைக்குத்தான் எல்லாரும் படிக்கிறாங்க."

"வீடு அவங்களோடது. மூணாம் நாள் வெளிய போன்னுவான். இந்த நெஞ்சு இருமலோட நான் எங்க போய்ப் படுக்கிறது?"

இருபது வருஷம் நான் வெள்ளையடித்த சுவர், நான் கொத்திய தோட்டம், இரண்டு பசு. அதையெல்லாம் நினைத்துத்தான் கேட்டேன். ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். முழுகித்தான் போனது.

ஏனென்றால் அடுத்த ஞாயிறு அவர் படிக்கத் தயாராகத்தான் வந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

"கதவுல ஒட்டிடுங்களேன்," என்றேன்.

"சபைக்கு முன்னால கையில கொடுத்த பதவி இது. சபைக்கு முன்னாலதான் இறக்கி வைக்கணும். சுவருக்கும் கதவுக்கும் சொல்லிட்டு ஓட நான் திருடனா?"

இந்த மனுஷன் இப்படித்தான். அவர் சபைக்காகக் காத்திருந்தார், சபை அவர் படிக்கட்டும் என்று காத்திருந்தது. நடுவில் வசந்தம் போய்க் கோடையும் வந்துவிட்டது. பிறந்த குழந்தைகளுக்கு ஹில்மர் அடுப்பங்கரையில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார். நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கேட்ட சாமானைக் கொடுப்பார்கள், முகம் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து பசுவிடம் பேசிக்கொண்டிருப்பேன். எய்லர்ட் ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் ஓவிடியாவிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரி, இருபது வருஷச் சிநேகிதி. முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓவிடியா, வர்ற ஞாயிறு எல்லாரையும் கூட்டிட்டு வா. அவர் படிக்கப்போறார்."

"கோயில் நிறைஞ்சு வழியுதுன்னு ஒஸ்லோவுக்கு எழுதிப் போடவா? நல்லா இருக்கு பாஸ்டரம்மா உங்க சாமர்த்தியம்."

"அடிப்பாவி, என்னை அப்படியா நினைக்கிற?"

"உங்களை நான் ஏன் நினைக்கப்போறேன்? மொதல்ல அவர் படிக்கட்டும். அப்புறம் நாங்க வர்றோம்."

"ஆளே இல்லாம யாருக்குப் படிக்கிறது?"

"முந்நூறு பேர் உக்காந்திருந்தப்போ ஏன் படிக்கலை? அதைச் சொல்லுங்க."

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஊரில் பாதிப் பேருக்காவது இன்னும் என்மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தது, இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டாளே என்று. அந்த இரக்கத்தையும் இழக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன ஜென்மம் நான்!

ஆகஸ்ட் கடைசியில் படகோட்டி அமண்டஸ் கிழவர் இறந்தார். எய்லர்ட் அங்கியை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசலில் போய் நின்றார். சவப்பெட்டி அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனது. ஹில்மர் ஜெபம் சொல்ல, ஹில்மரே மண் போட்டார். வீடு திரும்பிய எய்லர்ட் அங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"அவரோட மூணு பிள்ளைங்களுக்கும் நான்தான் கல்யாணம் பண்ணி வெச்சேன், ராக்னா. ஒருத்தன்கூட என்னைத் திரும்பிப் பாக்கலை."

என்னால் தாங்கமுடியவில்லை. "வர்ற ஞாயிறு படிச்சிடுங்க," என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு. ஏன், நான் சபை இல்லையா? எனக்கு ஞானஸ்நானம் ஆகலையா? நான் உங்க கையால அப்பமும் திராட்சரசமும் வாங்கலையா?"

அங்கிக்குள் கைவிட்டுக் கடுதாசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு படித்தார். மடிப்பில் தேய்ந்து கிழிய ஆரம்பித்திருந்த காகிதத்தை விரித்து, முந்நூறு பேருக்கும் கேட்கிற சத்தத்தில், ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நான் முன் பெஞ்சில் எழுந்து நின்று கேட்டேன். படித்து முடித்ததும், "இந்தத் திருச்சபையின் பாஸ்டர் பதவியை இன்றோடு விடுகிறேன்," என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் "ஆமென்" என்றேன். அது கூரை வரை போய்த் திரும்பி வந்தது. மறுநாளே ஒஸ்லோவுக்கும் எழுதிப் போட்டார்.

பதில் வரப் பத்து நாள்தான் ஆனது. ஊர்க்காவல் அதிகாரி உத்தரவோடு படகில் வந்தார். இரண்டு பெட்டிக்குமேல் எடுக்கக்கூடாது, இன்றைக்கே தீவை விட்டுப் போகவேண்டும், நாங்கள் அறியாத ஏதோ ஒரு மலைப் பள்ளத்தாக்கில் போய் இருக்கவேண்டும்.

படகுத்துறையில் ஊரே நின்றது. நாங்கள் பெட்டியும் கையுமாக இறங்கி வருவதைப் பார்த்ததும் ஓவிடியாவின் மகன் டோர்லைவ் கத்தினான்.

"என்ன பாஸ்டர், பதவி உயர்வா? பிஷப்பே ஆக்கிட்டாங்களா?"

ஒரே சிரிப்பு. எய்லர்ட் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"வாயைக் கழுவு! அவர் படிச்சாச்சு! படிச்சதுக்குத்தான் துரத்துறாங்க!"

சிரிப்பு நின்றது. எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். யார் முகத்தையும் பார்க்காமல், "ஆமா, விரட்டச் சொல்லித்தான் உத்தரவு," என்றார்.

ஹில்மர் முன்னால் வந்தார். "எப்போ படிச்சார்?"

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. நான் கேட்டேன். நான் மட்டும்தான் இருந்தேன்."

"அப்போ ஈஸ்டர்ல ஏன் படிக்கலை?" ஹில்மர் இப்போது எய்லர்டைப் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு நாங்க எல்லாரும் இருந்தோமே, பாஸ்டர்?"

எய்லர்ட் பெட்டியைக் கீழே வைத்தார். "பயந்துட்டேன், ஹில்மர். வேற ஒண்ணும் இல்லை."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்களும் அதை நம்பினார்கள். பயந்தவரை மன்னிக்கலாமா வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு படகில் ஏறியிருக்கலாம்.

"பொய்," என்றேன். "பாக்கெட்ல கடுதாசியை வெச்சுக்கிட்டுத்தான் மேல ஏறினார். நான்தான் வேண்டாம்னேன். வீடு போயிடும்னு அழுதேன். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னது நான்."

ஹில்மர் தொப்பியைக் கழற்றினார். எய்லர்டின் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினார். அவருக்குப் பின்னால் டோர்லைவ், அமண்டஸின் பிள்ளைகள் மூன்று பேர், வரிசையாக எல்லாரும் வந்தார்கள். ஓவிடியா தலைத்துணியில் மீனும் ரொட்டியும் கட்டிக்கொடுத்து, "வழியில சாப்பிடுங்க, பாஸ்டர்," என்று தழுதழுத்தாள். நான் அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். என் தோளை உரசிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் போயிருப்பார்கள். ஒருத்தர் கையும் என் பக்கம் நீளவில்லை.

படகு கிளம்பியதும் கரையில் பாட ஆரம்பித்தார்கள். எய்லர்ட் வெறுந்தலையோடு பின்பக்கம் நின்று கேட்டார். கண்ணீர் தாடையில் ஓடியது. ஆனாலும் அந்த முகத்தில் ஈஸ்டருக்குப் பிறகு முதல்முறையாக உயிர் வந்திருந்தது.

"ராக்னா, இங்க வா. வந்து நில்லு," என்று என்னைக் கூப்பிட்டார்.

"குளிருது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.