கோணல் வெள்ளரிக்காய்

மேரிசெலின் கடைக்கார ராசமலருக்குக் குடுக்க வேண்டியிருந்தது சரியாகப் பன்னீராயிரத்து நானூற்று எண்பது டெனிஷ் குரோனர். 2009 பங்குனியில் வாங்கின காசு. வன்னிக்குள் மாட்டுப்பட்டிருந்த தம்பி குருசுமுத்துவையும் பெண்சாதி பிள்ளையையும் படகில் ஏற்றி வெளியில் எடுத்துத் தாறன் என்று ஒருத்தன் சொல்ல, அவனுக்கு அனுப்பியது. காசு கைக்கு வந்த பிறகு அவன் போனை எடுக்கவில்லை. வைகாசியில் சண்டை முடிந்தது. தம்பியைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

அதுவரை மாதம் பிறந்தால் "செலினக்கா, என்ர காசெங்கை?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிற ராசமலர், அதுக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மேரிசெலினுக்கு அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. தம்பி வந்து உழைச்சு அடைப்பான் என்று சொல்லி வாங்கின கடன். கேட்காமல் விடுகிறாள் என்றால் அவன் இனி வரமாட்டான் என்று முடிவுகட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

ஒருநாள் நேரே ஒடென்சே நகரத்தில் இருந்த அவளின்ர கடைக்குப் போனாள்.

"ஏன் நீ காசு கேக்கிறேல்லை?"

"இப்ப என்னத்துக்கக்கா. விடுங்கோ."

"விடுறதோ? அவன் செத்தோ போனான்?"

ராசமலர் மரக்கறித் தட்டைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. வியாழனுக்கு வியாழன் கொழும்பில் இருந்து பிளேனில் வருகிற கத்தரிக்காயும் முருங்கைக்காயும்தான் அந்தக் கடையின் பிழைப்பு. சண்டைக்குப் பிறகு, கொழும்புச் சாமானைத் தொடமாட்டம் என்று சனம் சொல்லிவிட்டது. தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன.

மேரிசெலினுக்கு வேலை ஊருக்கு வெளியே கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில். வெள்ளரிக்காய் தரம் பிரிக்கிறது. நேரானது பெட்டிக்குள், கோணலானது தொட்டிக்குள். பத்துச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேலே வளைந்தால் முதல்தரம் இல்லை; பெரிய கடைகள் எடுக்கா. தொட்டி நிறைந்தால் உழவு மெசின் இழுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டும். பதினொரு வருசமாய்ப் பிரித்த கை, அந்த மாதம் சொல்லுக் கேட்கவில்லை. ஏப்ரன் பைக்குள் கிடக்கிற போனை நிமிசத்துக்கு ஒருக்காத் தொட்டுப் பார்க்கும். நேரான காயைத் தொட்டிக்குள் எறியும். முதலாளி ஹென்னிங் தொட்டிக்குள் குனிந்து நல்ல காய் பதினாறைப் பொறுக்கி மேசையில் வைத்தான்.

"வீட்டை போய் ரெண்டு நாள் படு, மேரி."

"வீட்டிலை என்னால ஒரு இடத்திலை இருக்கேலாது. இஞ்சை நிண்டாவது நடக்கிறன்."

யூலை முதலாம் திகதி ஹென்னிங் பேப்பரோடு வந்தான். வளைந்த வெள்ளரிக்காயையும் இனி விற்கலாமாம், ஐரோப்பாச் சட்டம் மாறிவிட்டதாம்.

"அப்ப இண்டைக்குத் தொட்டி இல்லையோ?"

ஹென்னிங் சிரித்தான். "சட்டம்தான் மாறினது. சுப்பர்மார்க்கட் மாறேல்லை. கொட்டு."

மேரிசெலின் கையில் இருந்த காயைக் கொட்டவில்லை. "அப்ப எனக்குத் தா."

"என்னத்துக்கு? பண்டி வளக்கிறியோ?"

"பண்டியில்லை. கடன் இருக்கு."

குப்பை இழுக்கிற செலவு மிச்சம் என்று அவன் சும்மாவே தந்தான். மேரிசெலின் கூப்பிட, வியாழக்கிழமை ராசமலர் வெள்ளை வானோடு தோட்டத்துக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தாள்.

"அக்கா, பாம்புப் பண்ணையோ வச்சிருக்கிறியள்? இதை ஆர் வாங்குவினம்?"

"கறிச்சட்டிக்குள்ளை நேராய் நிமிர்ந்து நிக்கவோ போகுது? வெட்டிப் போட்டால் எல்லாம் ஒண்டு. வித்ததிலை பாதி உனக்கு, பாதி என்ர கடனுக்கு. ஒண்டு மட்டும். ஒவ்வொரு வியாழனும் நீ என்னட்டைக் காசு கேக்கவேணும். முந்தி மாதிரி."

ராசமலர் ஒரு பெட்டியைத் தூக்கி வானுக்குள் வைத்தாள். "என்ர காசெங்கை, செலினக்கா?" என்றாள். அன்றுதான் மேரிசெலின் ஒழுங்காய்ச் சாப்பிட்டாள்.

காய் விற்றது. பால்கறிக்கும் பச்சடிக்கும் சனம் கிலோக் கணக்கில் அள்ளியது. விமானம் ஏறி வந்த காய் வாடித்தான் வரும். இது காலமை பிடுங்கினது, பன்னிரண்டு கிலோமீற்றர் ராசமலரின் வானுக்குள் வந்தது. ஹென்னிங்கின் கூட்டாளி ஒருத்தன் ரெண்டாய்க் கவர் விட்ட கரட்டும் தந்தான். சம்பளத்திலும் கொஞ்சம் போட, கடன் மளமளவென்று இறங்கியது.

இறங்க இறங்க மேரிசெலினுக்குப் புதுப் பயம் பிடித்தது. முடிந்தால் ராசமலர் பிறகு எதைக் கேட்பாள்? புரட்டாதி கடைசியில் அறுநூற்று நாற்பதுதான் மிச்சம். பையில் காசு இருந்தது. "வாற கிழமை" என்றாள். வந்த கிழமையும் அதையே சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டி நிரப்பிக்கொண்டு நிற்க ஏப்ரன் அதிர்ந்தது. தம்பி பெண்சாதி நிலானி, வவுனியா முகாமில் இருந்து.

"மச்சாள், நானும் சின்னவளும் இருக்கிறம்."

மேரிசெலின் அடுத்த பேருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"அவர் மாத்தளனிலை கஞ்சிக்கு வரிசையிலை நிண்டவர், மச்சாள். செல் விழுந்து வெடிச்சது. சித்திரையிலையே."

வியாழன் வான் வந்தது. ராசமலர் கதவைத் திறக்கும்போதே வழமைபோலச் சத்தம் போட்டாள்.

"செலினக்கா, என்ர காசெங்கை? அறுநூற்று நாப்பது!"

"தம்பி இல்லையாம்."

ராசமலர் ஒரு பெட்டியில் குந்தினாள். பெட்டி நெரிந்தது.

"மிச்சத்தை விடுங்கோ அக்கா," என்றாள் ராசமலர், மெல்ல.

மேரிசெலின் இந்த முறை சண்டைக்குப் போகவில்லை.

"ஓம்," என்றாள். "விடு."