ஒன்பது தட்டு

அக்கா செத்து மூன்றாம் மாதம், அவள் பார்த்த வேலையே தங்கைக்குக் கிடைத்தது. மருத்துவமனைக் கூடத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், குஷன் கிழிந்த நாற்காலி. நோயாளியின் எண்ணையும் அவர் போகவேண்டிய பிரிவையும் அறிவிக்க வேண்டும்.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் பெயர்தான் நாக்கில் சிக்கியது. ஓட்டோரைனோலாரிங்காலஜி. கதவில் எழுதியிருப்பதை அப்படியே சொல்ல வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு.

அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் அவளையே அந்தப் பிரிவில்தான் சேர்த்தார்கள். தொண்டையில் கட்டி. குரல் போன பிறகு, 'என் வேலைக்கு நீ வா' என்று தாளில் எழுதிக் காட்டி, தங்கையின் உள்ளங்கையில் அந்தச் சொல்லைத் தட்டிப் பிரித்தாள். ஓட், டோ, ரை, னோ, லா, ரிங், கா, ல, ஜி. ஒன்பது தட்டு. ஏழாவது மட்டும் அழுத்தமாக.

முதல் நாள், "இருபத்தி மூணாம் நம்பர், ஓட்டோரைனோலா..." என்று தங்கை திணறி நின்றாள்.

"ரிங்காலஜி" என்று கூடத்து ஒலிபெருக்கி முடித்தது. அக்காவின் குரல்.

இருபத்து மூன்றாம் எண்காரர் எழுந்து போனார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தங்கை மைக்கை அணைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

மைக் பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். "பதிவு பண்ணின குரல் எதுவும் இதுல இல்லம்மா. வெறும் மைக்குதான்."

நாலைந்து நாளில் பயம் போய் ஆசை வந்தது. வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் அக்கா முடித்தாள். தாங்க முடியாமல் அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் காலையிலேயே அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தங்கை நிறுத்தினாள். குரல் வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடி அறைக்கு வந்தாள்.

"அவதான்டி. ஆனா நீ சரியா கேட்டியா? கடைசியில மூச்சு இழுக்குது. இன்னும் வலிக்குது போல."

"அம்மா..."

"போன பிள்ளைகிட்ட வேலை வாங்காத. நீயே சொல்லு."

அன்று முழுவதும் அவளே சொன்னாள். இரண்டு முறை குளறியது. ஒரு கிழவர் சத்தமாகச் சிரித்தார். மதியத்துக்குமேல் படிந்து வந்தது. சாயங்காலம் கடைசி எண்ணையும் அனுப்பிவிட்டு, மைக்கை அணைக்காமல் காத்திருந்தாள். வெறும் இரைச்சல்தான் கேட்டது.

"போய்த் தூங்குக்கா" என்று அதில் சொல்லிவிட்டு அணைத்தாள்.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரைக் கூப்பிட்டீங்க?"

"யாரையும் கூப்பிடலண்ணே" என்றாள்.