மூச்சு விடாதீங்க

எங்கள் குடும்பத்தில் என் படிப்புக்குப் பெயர் 'போட்டோ படிப்பு'. வைத்தவர் மாமா, அதாவது அத்தையின் கணவர். பல்கலைக்கழகத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பதற்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது என்று நானும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"எனக்கு பாஸ்போர்ட் சைஸ்ல நாலு எடுத்துக் குடுப்பியாம்மா?" என்பார்.

"போட்டோ இல்ல மாமா, எக்ஸ்ரே."

"எல்லாம் ஒண்ணுதான், போடி" என்று அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றபடி நான் படிப்பில் கெட்டிக்காரி. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வு மருத்துவமனையிலேயே நடந்தது. நிஜ நோயாளி, நிஜக் கதிர். தேர்வாளரை நாங்கள் 'ரிபீட் மேடம்' என்போம். படம் சரியாக வராமல் இரண்டாம் முறை எடுத்தால் நோயாளியின் உடம்பில் வீணாகக் கதிர் படும், அதை அவரால் பொறுக்க முடியாது. "நீ படத்தை ரிபீட் பண்ணினா, நான் உன்னை ரிபீட் பண்ணுவேன்" என்று முதல் வருடமே சொல்லிவிட்டார். அதாவது இன்னொரு வருடம் இதே வகுப்பு. எனக்கு முன்னால் போன ஒருத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் எல்லோரும் அவசரமாகக் குறிப்பேட்டைப் புரட்டினார்கள். நான் மட்டும் தெம்பாக உள்ளே போனேன்.

உடை மாற்றும் அறைக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி அங்கியில் வந்து நின்றது என் அத்தை.

என்னைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தாள். நான் உடனே மேடம் பக்கம் திரும்பினேன்.

"மேடம், இவங்க என் அத்தை. வேற நோயாளி குடுத்தாலும் சரி."

மேடம் அத்தையிடம், "உங்க மருமக எடுக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"இவளே எடுக்கட்டும்" என்றாள் அத்தை. பிறகு என் காதோடு, "ரெண்டு மாசமா இருமல்டி. உங்க மாமா இல்லாத நேரமாப் பாத்து இருமறேன். அவங்க அம்மா செத்ததும் இப்படி இருமி இருமித்தான். தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். வீட்ல மூச்சு விடாதே."

"மூச்சு விட மாட்டேன் அத்தை." அவள் கை சில்லென்று இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த நினைப்பை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வைத்தேன். கொண்டையைத் தூக்கிக் கட்டினேன். நெஞ்சைப் பலகையில் ஒட்டி, மோவாயை மேலே வைத்து, தோள்களை முன்பக்கம் தள்ளி நிறுத்தினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனில் விரலை வைத்தேன்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே மூச்சு விடாதீங்க!"

அத்தை உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அழுத்தப் போனவள் நிறுத்தினேன். அவள் தோள்கள் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இந்த நிலையில் எடுத்தால் படம் கலங்கிப் போகும், என் வருடமும் கூடவே போகும். விரலை எடுத்தேன். பக்கத்தில் மேடமின் பேனா ஏதோ எழுதியது. எழுதட்டும் என்று அத்தையிடம் போனேன்.

"அத்தை, நீங்க மூச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க."

"அநியாயமாச் சொல்லாத! ஒரு வார்த்தை பேசினேனா? நீ மூச்சு விடாதன்ன, நான் வாயைத் திறக்கவே இல்லை!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இது பேச்சு இல்ல அத்தை, நிஜ மூச்சு. தண்ணிக்குள்ள முங்கறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுத்துப் புடிப்பீங்கல்ல? அது. எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

செய்தாள். தோளில் கை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. திரும்பிப் போய், "இப்ப முங்குங்க!" என்றேன். அழுத்தினேன்.

திரையில் படம் பளிச்சென்று வந்தது. நுரையீரல் நிறையக் காற்று, விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக. மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போ, பாஸ். நோயாளியை முதல்ல கவனி, முகம் சிவந்துடுச்சு."

"அத்தை! இப்ப மூச்சு விடலாம்!"

அத்தை புஸ்ஸென்று விட்டாள். "நான் விடலாம். நீ விடக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். ஆமா, உள்ள ஏதாவது இருக்காடி?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

"என் அண்ணன் பொண்ணா நீ?" என்று கோபித்துக்கொண்டு போனாள். எனக்குப் பாஸ் ஆன சந்தோஷத்தில் பாதி அங்கேயே இறங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பாஸ் என்று அப்பா சொன்னதுதான் தாமதம், மாமா ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப ஸ்டுடியோ எப்பம்மா திறக்கற? எல்லாரும் கொஞ்சம் சிரிங்கன்னு சொல்லத் தெரியுமில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

"சிரிக்கச் சொல்ல மாட்டா. மூச்சைப் புடிக்கச் சொல்லுவா. நான் தப்பாப் புடிச்சதைத் தூரத்துல இருந்தே கண்டுபுடிச்சு, ஒரே தடவையில எடுத்தா. நெஞ்சு சுத்தமா இருக்கு, வெறும் அலர்ஜி இருமல்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மாமா கையில் எடுத்த சாதம் அப்படியே நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"உனக்கா எடுத்தாங்க?" மாமாவின் குரல் உடைந்திருந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல? அந்தப் போட்டோ எங்க? நான் பாக்கணும்."

அத்தை அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"போட்டோ இல்லீங்க" என்றாள். "எக்ஸ்ரே."